குளிர் முடியும்வரை வாங்காத குடுவைச் செடி

ஓய்வுபெற்ற லிஃப்ட் பழுதுபார்ப்பவர் ஒருவரைக் கவனித்துக்கொள்ள நான் வீட்டு நர்சாகச் சேர்ந்தபோது அவருக்கு அறுபத்திரண்டு வயது, எனக்கு அறுபத்தைந்து. சர்க்கரை நோய் இரண்டு கண்களையும் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டிருந்தது. முப்பத்தைந்து வருடம் இருட்டுக் குழிகளுக்குள் தொங்கி வேலை பார்த்த மனிதர் ஆசைப்பட்டதோ, பூச்சி தின்னும் குடுவைச் செடிக்கு.

முன்பு வாங்கிய இரண்டையும் கொன்றது நான்தான். வெளியே விறைத்துப்போகுமே என்று உள்ளே எடுத்துவந்து ஹீட்டர் பக்கத்தில் வைத்தேன். நோயாளியைக் கதகதப்பாக வைத்தே பழகிய கை. குளிரில் உறங்க வேண்டிய செடி, உறக்கம் கெட்டுச் செத்தது.

மறுபடி இலையுதிர் காலத்தில் நாற்றுப் பண்ணைக்குப் போனோம். இடுப்பு உயரத்துக்கு நிற்கும் குடுவைகள், வெள்ளை வாய், சிவப்பு நரம்பு. கோடைவரை பார்வை இருந்தால் பெரிது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"தம்பி, இப்பவே வாங்கிடுங்க. கண்ணு இருக்கும்போதே பாத்துக்கலாம்" என்றேன்.

பண்ணைக்காரி மறுத்துத் தலையாட்டினாள். "வேணாங்கா. கண்ணாடிக் கூடத்துல சொகுசா வளர்ந்தது இது. இப்போ வெளிய வச்சா பனி தாங்காது, உள்ள வச்சா தூங்காது. குளிர் முடியுறப்ப வாங்க, தூங்குற செடியாவே தர்றேன்."

"அதுவரைக்கும் இவருக்குக் கண்ணு தெரியணுமே?"

அவர் சிரித்தார். "வளர்ந்து நிக்கிறதைத்தான் பாத்துட்டேனே அக்கா. எந்திரிச்சு வர்றதைப் பாக்கணும். இருக்கேன்."

"பிடிவாதத்துக்கு ஊசி இருந்தா இப்பவே போட்டிருப்பேன்."

குளிர்காலத்தில் இடது கண் போனது. கடும்பனி விட்ட வாரம் செடியை வாங்கிவந்தோம். சட்டிக்குள் கருகிய நாலு கட்டைகள்தான் இருந்தன.

"இதுக்கா இத்தனை நாள் காத்திருந்தீங்க?"

"பேசாம மழைத்தண்ணி ஊத்துங்கக்கா."

பால்கனியிலேயே விட்டோம். சில காலைகளில் சட்டி மண்ணில் வெண்பனி பூத்திருக்கும். உள்ளே தூக்கிவரக் கை பரபரக்கும், அடக்கிக்கொண்டேன்.

பிறகு கத்தி முனைபோல் ஒரு தளிர். தினமும் வலது கண்ணில் லென்சை வைத்துக்கொண்டு ஸ்கேலால் அளப்பார். முழங்கை உயரம் வந்தும் வாய் ஒட்டியே இருந்தது. ஒரு காலை, மூடி தானாக நிமிர்ந்திருந்தது. பின்னாலிருந்து வெயில் பட்டு வெள்ளை வாய் முழுக்க ஒளி. அதில் சிவப்பு நரம்புகள், டாக்டர் காட்டிய கண் படத்தில் பார்த்த அதே பின்னல். ஈ ஒன்று விளிம்பில் உட்கார்ந்தது, நக்கியது, வழுக்கியது. உள்ளே சிறகடிக்கும் சத்தம்.

"தெரிஞ்சுதா தம்பி?"

"எல்லாம் தெரிஞ்சுதுக்கா. கால் வழுக்கினதுகூட."

அடியில் இரண்டாவது தளிர் கிளம்பியிருந்தது.

"இது திறக்க எத்தனை நாளாகும்?" கேட்டது நான்.