ஓட்டை போட்டு எடுத்த கட்டி

விடுதியின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து சேர வேண்டும். அவளுக்கு ஜோடி அவளுடைய நாத்தனார், புருஷனின் அக்கா. வாயே திறக்காத அவளுக்கு அமுக்குணி என்று பட்டப்பெயர் வைத்ததும் அந்த நாத்தனார்தான்.

அமுக்குணிக்குக் கர்ப்பப்பையில் கட்டி, சாதாரணக் கட்டிதான் என்று டாக்டர் சொன்னபோது, வயிற்றைக் கிழித்து எடுப்பதா, ஓட்டை போட்டு எடுப்பதா என்ற பேச்சு வந்தது. ஓட்டை என்றால் கட்டியை உள்ளேயே துண்டு துண்டாக நறுக்கி இழுத்துவிடுவார்கள். அமுக்குணி யோசிப்பதற்குள் நாத்தனார் பதில் சொல்லிவிட்டாள். கிழித்தால் மாசக்கணக்கில் கனம் தூக்கக் கூடாது, அதுவரை நான் யாரோடு மடிப்பது என்று. அமுக்குணி தலையாட்டினாள். சீக்கிரமே வேலைக்கும் வந்துவிட்டாள். நாத்தனாருக்குப் பெருமை பிடிபடவில்லை. யார் யோசனை என்று கூடத்தில் எல்லோரையும் நிறுத்திக் கேட்டாள்.

தையல் காட்ட அமுக்குணி தனியாகத்தான் போனாள். எடுத்ததைச் சோதித்துப் பார்த்ததில் அது புற்று என்று டாக்டர் சொன்னார். அபூர்வமாக இப்படி ஆகுமாம், ஸ்கேனில் நிச்சயமாகத் தெரியாதாம். நறுக்கியதில் உள்ளே சிதறியிருக்கலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. வயிற்றைத் திறந்து பார்க்க வேண்டும், தள்ளிப்போடாமல் வீட்டிலிருந்து யாரையாவது கூட்டி வாருங்கள் என்றார்.

யாரைக் கூட்டிப் போவது? புருஷனிடம் சொன்னால் அடுத்த நிமிஷம் அக்காவின் காதுக்குப் போகும். தன்னால்தான் என்று அவள் மாரடித்து அழுவாள். அவளைத் தேற்றவே இவள் ஆயுசு போதாது. எல்லோரும் படுப்பது ஒரே அறை. வேலையிலும் எதிரே அதே முகம். ஒவ்வொரு விரிப்புக்கும் கிட்டே வந்து, உற்றுப் பார்த்துவிட்டு விலகும். தூக்கமில்லை, தலைவலி, வெக்கை என்று சொல்லிப் பொய்யும் தீர்ந்துபோயிற்று. டாக்டர் குறித்த நாள் வந்தது. அன்றும் மடித்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம்தான் அதே கூடத்து இஸ்திரிக்காரிக்கும் கட்டி என்று தெரிந்தது. அவள் யோசனை கேட்டு வந்ததும் நாத்தனார் அமுக்குணியின் மேல்சட்டையை ஓரமாக விலக்கிக் காட்டினாள்.

"பாரு, கொசு கடிச்ச மாதிரி. கிழிக்க விடாதே. ஓட்டைதான்னு அடிச்சுச் சொல்லிடு."

இஸ்திரிக்காரி தழும்பைத் தொட்டுப் பார்த்தாள். பயம் தெளிந்து சிரித்தாள். நாளைக்கே டாக்டரிடம் சொல்லிவிடுகிறேன் என்று திரும்பினாள்.

"நில்லுக்கா," என்றாள் அமுக்குணி. "உள்ளயே நறுக்குவாங்களா, அதுல என்ன ஆபத்துன்னு டாக்டரைக் கேட்டுட்டு முடிவு பண்ணு. என்னோடது புத்து. நறுக்கினதுல சிதறியிருக்கலாமாம்."

நாத்தனார் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"எப்போ தெரியும்டி உனக்கு?"

"தையல் காட்டப் போனேனே, அன்னிக்கு."

நாத்தனார் அப்படியே துணிக்கூடை மேல் உட்கார்ந்தாள். பாவி நானே குழி வெட்டினேனே என்று ஆரம்பித்தாள். அமுக்குணி பயந்தது போலவேதான். ஆனால் கையைக் கொடுத்து அவளைத் தூக்கி நிறுத்தினாள்.

"அழறதை அப்புறம் வச்சுக்கலாம் அண்ணி. குறிச்ச நாள் தாண்டிப் போச்சு. கூட ஆள் வேணுமாம். கிளம்புங்க."

நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு செருப்பைத் தேடினாள்.