முன்னேறிவிட்டாள் என்று நீக்கினார்கள்

மாற்றுத்திறனாளி என்ற சொல் எங்கள் பக்கம் இன்னும் வந்து சேராத காலம். ஊனமுற்ற குழந்தைகளுக்கான சிறப்பாசிரியை என்று எனக்கு ஒப்பந்த வேலை. விருதுநகரில் பஸ் ஏறி, ஆமத்தூர் தாண்டி, பட்டாசு கம்பெனிகளுக்கு நடுவே இருக்கிற பள்ளிகளுக்கு முறைவைத்துப் போவேன்.

அதில் ஒரு பள்ளியில் நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி எல்லாப் பரீட்சையிலும் தோற்றுக்கொண்டிருந்தாள். “மண்டையில ஒண்ணும் ஏறாது டீச்சர். மூளை வளர்ச்சி இல்லாததுன்னு எழுதிக்கிடுங்க” என்றார் வகுப்பாசிரியர்.

எழுதுவதற்கு முன்னால் அவளுடைய விடைத்தாள்களை வாங்கி மேசையில் பரப்பினேன். கரும்பலகையில் எழுதிப்போட்ட கணக்குகள் எல்லாம் சரி. வாயால் கேட்ட கணக்குகளுக்கு இடம் வெறுமையாகக் கிடந்தது. சொல்வதை எழுதுதலில் ‘மரம்’ என்பதற்குப் ‘பரம்’, ‘மாலை’ என்பதற்குப் ‘பாலை’. மாவுக்கும் பாவுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். அந்தப் பிள்ளை காதால் கேட்டு எழுதவில்லை, ஆசிரியரின் வாயைப் பார்த்து எழுதியிருக்கிறாள். நாலு வருஷமாக ஒருவருக்கும் அது தெரியவில்லை.

சாயங்காலம் கம்பெனி வேனில் வந்து இறங்கிய அவள் அம்மாவிடம் சொன்னேன். கையில் ஒட்டியிருந்த அலுமினியப் பொடியைக்கூடக் கழுவாமல் நின்றாள்.

“கூப்பிட்டா திரும்ப மாட்டா டீச்சர். திமிருன்னுல்ல நெனச்சேன். எம்புட்டு அடிச்சிருக்கேன்” என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

காது சோதிக்கிற அரசு முகாமுக்குக் கூட்டிப்போனோம். இரண்டு காதும் பெரும்பாலும் கேட்கவில்லை என்றார்கள். காதில் மாட்டுகிற கருவி வரும் என்று எழுதிக்கொண்டார்கள். அது வரவே இல்லை. அதனால் எங்களால் முடிந்ததைச் செய்தோம். அவளை முன்வரிசையில் உட்காரவைத்தோம். வகுப்பாசிரியர் பலகையைப் பார்த்துப் பேசுவதை விட்டு, பிள்ளைகளைப் பார்த்துப் பேசப் பழகினார். வாய்க்கணக்கை எழுதிக் காட்டினார். ஒவ்வொரு பரீட்சை முடிந்ததும் எந்த வகைக் கேள்வியில் இன்னும் தப்பு வருகிறது என்று நான் பிரித்துப் பார்ப்பேன், அதை மட்டும் மறுபடி சொல்லிக்கொடுப்பேன். வருஷக் கடைசியில் எல்லாப் பாடத்திலும் தேறினாள். விடைத்தாளை வேன் நிற்கிற இடத்துக்கே எடுத்துப்போய் அம்மாவிடம் காட்டினாளாம்.

அந்த மதிப்பெண்ணே அவளுக்கு எமனானது.

வட்டார அலுவலகக் கூட்டத்தில் அதிகாரி என் சிறப்புப் பிள்ளைகள் பட்டியலில் இருந்து அவள் பெயரை அடித்தார். “முன்னேறிட்டாள்ல டீச்சர்? வேற பிள்ளைகளைப் பாருங்க.”

“உதவி இருக்கிறதாலதான் சார் மார்க் வருது. கண்ணாடி போட்டு நல்லாப் படிக்கிறான்னு கண்ணாடியைக் கழட்டுவோமா?”

அவர் சிரித்தார். சென்னையிலிருந்து பார்வையிட வருகிறவர்களுக்காக அவளுடைய மதிப்பெண்களை வண்ணக் கோடாக வரைந்து சுவரில் மாட்டினார்கள். என்னை வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பள்ளிகளுக்கு மாற்றினார்கள்.

ஐந்தாம் வகுப்புக்கு வேறு ஆசிரியர். உயரமான பிள்ளை என்று அவளைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்தாராம். அரையாண்டு முடிந்து ஒரு நாள் லீவு போட்டு அங்கே போனேன். பழையபடி தோற்றிருந்தாள். மறுபடி சேர்க்கச் சொல்லி அதிகாரியிடம் கெஞ்சினேன். “முன்னேறினவ எப்படிப் பின்னால போனான்னு மேல கேப்பாங்களே, யாரு பதில் சொல்றது?” என்றார்.

பள்ளியும் தன் மதிப்பெண் சராசரியைக் காப்பாற்ற ஒரு வழி கண்டுபிடித்தது. அதை அவள் அம்மா சொல்லித்தான் அறிந்தேன்.

“முழுப்பரீட்சைக்கு அனுப்ப வேணாம்னுட்டாக டீச்சர். ஆப்சென்ட் போட்டுக்கிடுதோம், பாஸ் ஆக்கி விட்டுருதோம்னாக. பரீட்சை எழுத விடாத பள்ளிக்கூடத்துக்கு நான் எதுக்குப் போகணும்னு கையை ஆட்டி ஆட்டிக் கேக்கா. நான் என்னத்தச் சொல்ல?”

ஆறாம் வகுப்பில் அவள் சேரவில்லை. நான் போனபோது வீட்டு வாசலில் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள். அம்மா முன்னால் போய் நின்று எவ்வளவு கையாட்டிக் கூப்பிட்டும், கையைப் பிடித்து இழுத்தும், அவள் வெளியே வரவில்லை.