நான்கு நிமிடம் பிந்திய சங்கு

என் பீரோவின் அடித்தட்டில், புடவைகளுக்குக் கீழே, பழுப்பேறிய காகிதம் ஒன்று இருக்கிறது. சர்வகலாசாலையில் பள்ளிக்கூடச் சங்கீத ஆசிரியை வேலைக்காகப் படித்தபோது, கடைசித் தேர்வுக்கு வந்த பரீட்சகர் அம்மாள் கைப்பட எழுதிக் கொடுத்த மதிப்பீடு. குரல், சுருதி, பிள்ளைகளை நடத்தும் விதம் என்று வரிசையாக வந்து, "நேரக் கட்டுப்பாடு மிக நன்று. மற்ற மாணவிகள் இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்" என்று முடியும். எனக்கு முதல் வேலை கொடுத்த தலைமையாசிரியை இந்தக் கடைசி வரியைத்தான் விரலால் தொட்டுக் காட்டித் தலையாட்டினார். முப்பத்து மூன்று வருஷம் அந்த வரியின் தயவில் சோறு தின்றிருக்கிறேன். அந்த வரி சுத்தப் பொய் என்பது எனக்கும் என் தாய்மாமாவுக்கும் மட்டும்தான் தெரிந்திருந்தது.

அப்பா போன பிறகு அம்மாவையும் என்னையும் திருவொற்றியூரில் தம் வீட்டோடு வைத்துக்கொண்டவர் மாமா. பக்கத்துக் கம்பெனியில் பாய்லர்காரர். நீராவியைப் பார்த்துக்கொள்வதோடு, வேளைக்கு வேளை சங்கிலியை இழுத்துச் சங்கு ஊதுவதும் அவர் பொறுப்பு. எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் யார் வீட்டில் கடிகாரம் இருந்தது? காலைச் சங்குக்கு உலை வைப்பார்கள், பன்னிரண்டு மணிச் சங்குக்குச் சாப்பாட்டுக் கேரியரோடு பெண்கள் கம்பெனி கேட்டில் நிற்பார்கள், பள்ளிக்கூடத்தில் அதற்குத்தான் பிள்ளைகளைச் சாப்பிட விடுவார்கள். நான் வீட்டில் சாதகம் செய்யும்போது மாமா வாசற்படியில் பீடியோடு உட்கார்ந்து கேட்பார். "இன்னா கண்ணு, ஒம் பாட்டு இந்த நாலு செவுத்துக்குள்ளதான். நான் ஒரு இஸ்ப்பு இஸ்த்தன்னா எண்ணூர் வரைக்கும் கேக்கும், தெரிமா?" என்று சீண்டுவார். மறுநாளே பாய்லர் ரூமில் எல்லாரிடமும், "எங்கக்கா பொண்ணு பாட்டு வாத்தியாரம்மா ஆவப்போவுது" என்று பீற்றிக்கொள்வார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் அந்தக் கம்பெனியில் மத்தியானச் சங்கைக் கொஞ்சம் தள்ளி ஊதச்சொல்லி, தொழிலாளியின் சாப்பாட்டு நேரத்தில் நிமிடக் கணக்கில் கொறிப்பார்களாம். அதற்காகவே ஒரு வேலைநிறுத்தம் நடந்தது. மாமாவும் அதில் உட்கார்ந்தவர். முடிவில் கேட்டருகே பெரிய கடிகாரம் ஒன்று மாட்டினார்கள். சங்கிலியைப் பிடிக்க நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று சங்கத்தார் கேட்டு வாங்கியது மாமாவைத்தான். இதெல்லாம் தெரிந்தேதான் நான் அவரிடம் போனேன்.

கடைசித் தேர்வு இதுதான்: பிள்ளைகள் முன்பின் அறியாத ஒரு பாட்டை நாற்பது பேருக்கு நாற்பது நிமிடத்தில் கற்றுக்கொடுத்து, முடிவில் எல்லாரும் சேர்ந்து முழுதாகப் பாட வேண்டும். எனக்கு விழுந்தது எங்கள் தெருக்கோடிப் பள்ளிக்கூடம். பதினொன்று இருபதிலிருந்து பன்னிரண்டு வரை. மற்ற பெண்கள் புத்திசாலித்தனமாக இரண்டு சரணத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். எனக்குத்தான் திமிர். மூன்று சரணம், அதிலும் கடைசிச் சரணத்தைப் பிள்ளைகள் இரண்டு அணியாகப் பிரிந்து மாற்றி மாற்றிப் பாடுகிற மாதிரி அமைத்திருந்தேன். வேறொரு பள்ளியில் ஒத்திகை பார்த்தேன். மூன்று தடவையும் மூன்று நான்கு நிமிடம் கூடுதலாகப் பிடித்தது. எங்கள் பள்ளியில் சங்கு ஊதிவிட்டால் எந்தப் பிள்ளையும் உட்காராது, தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடும். ஒரு சரணத்தை வெட்டியிருந்தால் தீர்ந்தது. அந்த ஒரு சரணத்தை வெட்ட எனக்கு மனசு வரவில்லை.

"மாமா, நாளைக்கு ஒரு நாள் மட்டும் நாலு நிமிஷம் தள்ளி ஊதேன்" என்று கேட்டேன். அவர் முதலில் சிரித்தார். நான் விளையாடவில்லை என்று தெரிந்ததும் பீடியை அணைத்துவிட்டு, "சங்கு இன்னா என் வூட்டுதா கண்ணு? ஆயிரம் பேரு சோறு கீது அதுல" என்றார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அன்று சாப்பிடவில்லை. "அப்ப நான் பெயிலாகிறேன், உனக்குச் சந்தோஷம்தானே" என்றுகூடச் சொன்னேன். எடுத்து வளர்த்தவரிடம் சொல்கிற வார்த்தையா அது! மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "நல்லா பாடவை, போ. நான் பாத்துக்கறேன்" என்றார்.

பிள்ளைகள் அன்று அப்படிப் பாடினார்கள். இரண்டு அணியும் ஒன்று சேர்ந்து கடைசி அடியை முடித்து மூச்சு விட்ட இடத்தில் சங்கு ஊதியது. பரீட்சகர் அம்மாள் வியந்துபோய்த் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "என் கடிகாரம் முந்தி ஓடிவிட்டது போலிருக்கிறதே" என்று சொல்லி, முள்ளை நான்கு நிமிடம் பின்னால் திருப்பிக்கொண்டார். சரியாக ஓடிய கடிகாரம் அது. பிறகு பேனாவை எடுத்து அந்த வரியை எழுதினார். நான் தலைகுனிந்து நின்றேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்.

துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள் கம்பெனி கேட்டில் கூட்டத்தைப் பார்த்தேன். நடுவில் மாமா. "இன்னா பாய்லரு, தொரைக்கு நாலு நிமிசம் படியளந்தியா?" என்று ஒருவர் கத்தினார். "கூட ஒக்காந்து கோஷம் போட்டவன்டா இவன்! கருங்காலி ஆயிட்டான்!" என்றது இன்னொரு குரல். யாரோ அவர் சட்டையைப் பிடித்திருந்தார்கள். கூட்டத்தின் இடுக்கில் என்னைப் பார்த்த மாமா, நிற்காதே, போ என்று கண்ணாலேயே சொன்னார். என் கையில் அந்தக் காகிதம் இருந்தது. நான் இரண்டு அடி முன்னால் வைத்து, எனக்காகத்தான் செய்தார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தேர்வு போயிருக்கும். அவ்வளவுதானே? நான் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தேன்.

விசாரணையில் கண் அசந்துவிட்டதாகச் சொன்னாராம். சங்கிலியை வேறு ஆள் கைக்கு மாற்றி, அவரைக் கரி அள்ளப் போட்டார்கள். கம்பெனி கொடுத்த தண்டனை அது. ஆட்கள் கொடுத்த தண்டனைதான் பெரிசு. கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் அவர் உட்கார்ந்தால் பெஞ்சு காலியானது. கொஞ்ச நாளில் அவரே போவதை விட்டுவிட்டார். அத்தை ஒரு நாள் என்னிடம் வந்து, "ஏம்மா, அவரு நெசமாவே தூங்கிட்டாரா? வாயே தொறக்க மாட்டன்றாரு" என்று கேட்டாள். கட்டிய மனைவியிடம்கூட அவர் சொல்லவில்லை! "எனக்கு எப்படித் தெரியும் அத்தை" என்றேன். முடிவு வரட்டும், சொல்லிவிடலாம் என்றிருந்தேன். முதல் வகுப்பு வந்தது. வேலை நிரந்தரமாகட்டும் என்றிருந்தேன். அதுவும் ஆயிற்று. மாமா ஒரு தடவையாவது என்னைத் திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அவரோ, "பசங்க நல்லா பாடுதா கண்ணு?" என்று மட்டும் கேட்பார்.

அவர் இறந்தபோது சங்கத்திலிருந்து கொடி வரவில்லை. அந்தத் தெருவில் எந்தத் தொழிலாளி போனாலும் செங்கொடி போர்த்தித்தான் எடுப்பார்கள். சங்கத் தலைவர் தெருமுனையில்தான் நின்றிருந்தார். பத்து எட்டு நடந்தால் போதும். அன்றைக்கும் நான் நடக்கவில்லை. பெரிய பள்ளிக்கூடத்துப் பாட்டு வாத்தியாரம்மா அல்லவா, அழுவதற்கு மட்டும் வாய் திறந்தேன்.

நானும் ஓய்வு பெற்று உட்கார்ந்தபின், போன மாதம்தான் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அத்தையிடம் போனேன். எண்பதைத் தாண்டிவிட்டாள், கண் மங்கல், காது நன்றாகக் கேட்கிறது. எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள், காறித் துப்புவாள் என்று காத்திருந்தேன். "அதுல இன்னா எழுதிக்கீதுன்னு படி" என்றாள். படித்தேன். "இன்னொரு தபா படி" என்றாள். படித்தேன். காகிதத்தைக் கையில் வாங்கி, எழுத்து எந்தப் பக்கம் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கே சொல்லிருந்தா, கடைசி வரைக்கும் அந்த டீக்கடைல நாலு பேரோட ஒக்காந்து ஒரு கிளாஸ் டீ குடிச்சிருப்பாரேம்மா" என்றாள். காகிதத்தை அழகாக மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.