பின்படியில் ஏறிய சப்பாத்துகள்

டியூஷன் சென்டர் என்றால் பாடம் நடத்துகிறவர்கள் மட்டும் இருப்பார்கள் என்று நினைக்காதீர்கள்; மைலோ கலக்க, தரை துடைக்க, ஏர்கானை நிறுத்த ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் நான். ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடி. கீழே நாசி கண்டார் என்கிற கறிச்சோற்றுக் கடை. மேலே முன்னறையில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு வகுப்பு. பின்னறையில், மலாயும் சரித்திரமும் மண்டையில் ஏறாத பிள்ளைகளுக்குப் பள்ளி விட்ட பிறகு மல்லிகா டீச்சர் நடத்துகிற வகுப்பு. அந்த இரண்டு பாடமும் போனால், படிவம் ஐந்து முடிவில் எழுதுகிற எஸ்.பி.எம். பரீட்சைக்குச் சர்ட்டிபிகேட்டே கிடையாது.

நான் பீடோர் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். தமிழ்ப்பள்ளி முடித்து, ரிமூவ் கிளாஸில் சில மாதம் உட்கார்ந்தேன். மலாய் பலமில்லாத பிள்ளைகளைப் படிவம் ஒன்றுக்கு முன்னே ஒரு வருஷம் தனியாக உட்கார வைப்பார்களே, அதுதான். அதோடு நின்றுவிட்டேன். அப்படி நின்றுபோனவர்கள் உங்களில் யாராவது இருந்தால், நாலு பேர் முன்னே வாயைத் திறப்பதற்குள் காது சூடாகிப்போவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பேன்.

சிங்க்குக்குக் கீழே

எங்கள் சென்டரில் ஒரு பழக்கம். முன்படியின் அடியில் சப்பாத்து அடுக்கு இருக்கிறது. முன்னறைப் பிள்ளைகளுக்கு மேல்தட்டு, பின்னறைப் பிள்ளைகளுக்குக் கீழ்த்தட்டு. பள்ளிச் சப்பாத்து எல்லாமே ஒரே கறுப்பு என்பதால், மாறிப்போகாமல் இருக்க ஆளுக்கொரு அடையாளம், எழுத்தழிக்கிற வெள்ளை லிக்விட் பேப்பரில் போட்டிருப்பார்கள். தர்ஷினியுடையது நட்சத்திரம். அவள் படிவம் ஐந்து, கோப்பெங் பக்கத்துப் பிள்ளை, வாய்க்காரி. ஆனால் அவளுடன் பள்ளியில் படிக்கிற பையன்கள் முன்னறையில் இருந்தார்கள்.

ஒருநாள் அவள் பின்சந்து வழியாக, கீழ்க்கடை மாமாவின் அடுப்பைத் தாண்டி, பின்படியில் ஏறி என் சமையல்கட்டுக் கதவைத் தட்டினாள். சப்பாத்து கையில் இருந்தது. "அக்கா, இங்கேயே வச்சுக்கிறேனே. கீழ்த்தட்டுல பாத்தானுங்கன்னா என்னைய ஸ்கூல்ல வச்சு செஞ்சிருவானுங்க." எனக்கு என் ரிமூவ் கிளாஸ் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. வாளியைத் தள்ளி சிங்க்குக்குக் கீழே இடம் கொடுத்தேன். கொஞ்ச நாளில் பின்னறைப் பிள்ளைகள் எல்லாருக்கும் அதுவே வழியாகிவிட்டது. கறிச்சட்டியைக் கிண்டிக்கொண்டே மாமா என்னைப் பார்த்துக் கேட்டார்: "என்னா தங்கச்சி, மேல பாடம் நடக்குதா, இல்ல கள்ளச் சரக்கு ஏத்துறீங்களா?"

நான் டீச்சரான கதை

ஒரு சாயங்காலம் தர்ஷினியின் அம்மா ஃபேக்டரி யூனிபார்மோடு வந்தார். நான் வெள்ளைப் பலகையைத் துடைத்துவிட்டு மார்க்கர் பேனாக்களைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அதைப் பார்த்து, "டீச்சர்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "எம்புள்ள மலாய்ல பாஸாயிருவாளா டீச்சர்? நான் படிக்கல, எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க பாத்துச் சொன்னாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

நான் டீச்சர் இல்லைக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும் உங்களை மாதிரிதான் என்று சொல்லியிருந்தால் இன்னும் நல்லது. ஆனால் இல்லை என்று சொல்லவும் எனக்குத் தைரியம் வேண்டுமே! "பாஸாயிருவாக்கா" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனார். திரும்பினால், கதவோரத்தில் தர்ஷினி. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். தரை பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது. அவள் என் கையிலிருந்த மார்க்கரை வாங்கி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க எங்க சப்பாத்த மறைக்கிறீங்க, நான் இத மறைக்கிறேன். சரியாப் போச்சுலா அக்கா."

ஒரே இடத்தைத் துடைத்தது

பின்னறை வாசலில் நின்று துடைத்தால் மல்லிகா டீச்சர் சொல்லிக்கொடுப்பது நன்றாகக் கேட்கும். காராங்கான், அதாவது கட்டுரை, எப்படித் தொடங்க வேண்டும், எப்படி முடிக்க வேண்டும் என்று மலாயில் ஒருதரம், தமிழில் ஒருதரம் சொல்வார். ரிமூவ் கிளாஸில் என் தலைக்கு மேலே பறந்த வார்த்தைகள் இங்கே மெதுவாகக் காதுக்குள் வந்தன. என் மகள் இந்த வருஷம் ஒன்றாம் ஆண்டு. அவள் மலாய்ப் புத்தகத்தை நீட்டும்போதெல்லாம், "அம்மாவுக்குக் கை வேலையா இருக்கு" என்று சொல்லியே ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். அதனால் அந்த வகுப்பு நேரத்தில் வாசலை விட்டு நான் நகர்வதில்லை.

மல்லிகா டீச்சர் பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வகுப்பில் பார்க்காமலே எல்லாவற்றையும் பார்ப்பார். ஒருநாள் பாடத்தை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். பிள்ளைகளும் திரும்பினார்கள். நான் மாப்பையும் வாளியையும் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்கு ஓடியே போய்விட்டேன். அவர் குரல் பின்னாலேயே வந்தது: "அந்த இடத்துல டைல்ஸ் தேஞ்சே போச்சும்மா கௌரி, ஒரு நாற்காலி போடறேன், உள்ள வந்து உக்காரு."

ஆமா சார்

சென்டர் பெரிய சாருடையது. அவருக்கு முட்டிவலி, மாடி ஏற மாட்டார். வெள்ளிக்கிழமைதோறும் காரில் வந்து, முன்படிக்குக் கீழே நின்று சப்பாத்து அடுக்கைப் பார்ப்பார். எத்தனை பிள்ளைகள் வந்திருக்கிறார்கள் என்பதை அதை வைத்துத்தான் தெரிந்துகொள்வார். ஒரு வெள்ளிக்கிழமை என்னைக் கீழே கூப்பிட்டார். மேல்தட்டில் இடமில்லை. கீழ்த்தட்டில் தூசுதான் இருந்தது.

"பின்னறைக்குப் புள்ளைங்களே வர்றதில்லையா?" மைலோ கோப்பை கழுவுகிற சிங்க்குக்குக் கீழே சப்பாத்து வைத்திருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வேன்? என் வாய்க்குப் பழகிய பதில் ஒன்றுதான். "ஆமா சார்" என்றேன். "அப்ப இந்த மாசத்தோட நிறுத்திரலாம். அந்த ரூமையும் முன்னறைக்குக் குடுத்துரலாம்." அதற்கும் "ஆமா சார்".

அழுதுகொண்டே மேலே வந்து டீச்சரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. உடனே சாருக்குப் போன் போட்டார். வேலை செய்கிற பெண்ணே யாரும் வரவில்லை என்று சொன்ன பிறகு சார் நம்புவாரா? அடுத்த வெள்ளிக்கிழமை வந்து அடுக்கைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொல்லிவிட்டார். அதற்குள் கீழ்த்தட்டில் சப்பாத்து இருக்க வேண்டும். டீச்சர் பிள்ளைகளைப் பார்த்தார். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். இந்த வகுப்பு இல்லையென்றால் இவர்களுக்கு வேறு கதி இல்லை, அது அவர்களுக்கே தெரியும். தர்ஷினிதான் பேசினாள்: "பரீட்சைல பெயிலானா வீட்டுக்குத்தான் தெரியும் டீச்சர், அந்தத் தட்டுல வச்சா ஸ்கூலுக்கே தெரியும்."

கீழ்த்தட்டு

அந்த வெள்ளிக்கிழமையும் எல்லாரும் பின்படியில்தான் வந்தார்கள். சிங்க்குக்குக் கீழே சப்பாத்துகளைப் பார்த்தபடி நின்றேன். அள்ளிக்கொண்டுபோய் நானே அடுக்கிவிடலாம். ஆனால் அந்த நட்சத்திரத்தை ஊருக்குக் காட்ட நான் யார்? காட்டுவதாக இருந்தால் என்னுடையதைத்தான் காட்ட வேண்டும். முன்படியில் இறங்கி, என் ஜப்பான் சிலிப்பரைக் கழற்றிக் கீழ்த்தட்டின் நடுவில் வைத்தேன். வார் அறுந்து, ஊக்குப் போட்டிருந்த சிலிப்பர். மேலே வரும்போது முன்னறைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பிள்ளைகள் என் வெறுங்காலைப் பார்த்த மாதிரி இருந்தது. நேராகப் பின்னறைக்குப் போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். டீச்சர் பாடத்தை நிறுத்தாமலே ஒரு தாளை என் முன்னால் வைத்தார்.

கீழே கார்க் கதவு சாத்தும் சத்தம். பிறகு சாரின் குரல். "கௌரி! கீழ்த்தட்டுல சிலிப்பர் ஒண்ணு கெடக்கு, யாருது இது?" நான் தாளுக்கு மேலே குனிந்துகொண்டேன். தர்ஷினி என்னைப் பார்த்தாள். என் வெறுங்காலைப் பார்த்தாள். விருட்டென்று எழுந்து சமையல்கட்டுக்குப் போய், நட்சத்திரச் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, முன்னறைக் கண்ணாடிக்கு முன்னாலேயே நடந்து படியில் இறங்கினாள். தட்டில் வைத்த சத்தம் மேலே வரைக்கும் கேட்டது. ஒருத்தர் பின்னால் ஒருத்தராக மற்ற பிள்ளைகளும் எழுந்தார்கள். அந்த ஆரவாரத்துக்கு நடுவில் அவள் குரல் மட்டும் தெளிவாக வந்தது: "எங்க கிளாஸ்ல புதுசா சேந்தவங்க சார், ரொம்ப வெக்கப்படுவாங்க, சத்தம் போடாதீங்க."

இப்போதும் வகுப்பு நடக்கிறது, நானும் உட்காருகிறேன், ஆனால் கீழ்த்தட்டில் சிலிப்பரை வைத்துவிட்டு யாராவது பார்த்துவிட்டார்களா என்று ஒருதரம் திரும்பிப் பார்த்து மேலே ஏறுவதற்குள் மைலோ ஆறிப்போய்விடுகிறது.