சங்கிலிப்பாண்டியின் காதும் சேக் தாவூதின் பாட்டிலும்

தென்காசி சேக் தாவூது ராவுத்தர் தம் பெட்ரோல் டிப்போவில் மண்ணெண்ணெய் கலக்கிறார் என்று 1947ஆம் வருஷம் சாரல் காலத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. தென்காசியில் அது கால் பங்கு மண்ணெண்ணெயாக இருந்தது. பஸ் ஏறிச் சுரண்டைக்குப் போனபோது பாதிக்குப் பாதி ஆயிற்று. செங்கோட்டை ரயிலடியில், பெட்ரோலே கிடையாது, அருவித் தண்ணீருக்கு மண்ணெண்ணெய் வாசம் காட்டி விற்கிறார் என்றார்கள். பெட்ரோலில் கலப்படம் உண்டோ இல்லையோ, பேச்சில் இருந்தது நிச்சயம். இது எந்த வாயில் பிறந்தது என்று பின்னோக்கி விசாரித்துக்கொண்டே போனால், பஸ் ஸ்டாண்டு பக்கத்துத் தகரக் கொட்டகையில், மெக்கானிக் சங்கிலிப்பாண்டியின் வாயில் கொண்டுபோய் விடுகிறது.

சங்கிலிப்பாண்டி உலகச் சண்டையில் நாலு வருஷம் பட்டாளத்து மோட்டார்களோடு கிடந்தவர். மீசை பெரிசுதான், ஆனால் ஊர் மதித்தது காதை. ஸ்குரூ டிரைவரின் முனையை இஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடுவார். “பெட்ரோல் கூடிட்டு. காத்துக்கு ஏங்குது” என்பார். பெட்ரோலையும் காற்றையும் கலந்து விடுகிற கார்புரேட்டரில் இருக்கிற சின்னத் திருகைக் கால் சுற்று நகர்த்துவார். உள்ளே முறுக்கினால் பெட்ரோல் குறையும், வெளியே விட்டால் கூடும். கூடினால் கரும்புகை, குறைந்தால் இஞ்சின் தும்மும், சூடேறி நிற்கும். வித்தை இவ்வளவுதான். கண்ணை மூடுவதைப் பார்க்கத்தான் கூட்டம்.

அந்த வருஷம் வக்கீல் ஞானசம்பந்தம் பிள்ளை, பட்டாளம் வேண்டாமென்று ஏலம் விட்ட ஒரு மோட்டார் ஸ்கூட்டரை மதராஸிலிருந்து வரவழைத்தார். ஆகாய விமானத்திலிருந்து குடை கட்டிக் கீழே போடுவதற்காகச் செய்த வண்டி, முழங்கால் உயரம். வக்கீல் அதன்மேல் உட்கார்ந்தால் வண்டி தெரியாது, வக்கீல் மட்டும் தரையோடு மிதந்து போவார். குற்றாலத்தில் வீடு பிடித்துச் சாரலுக்குத் தங்கியிருந்த இடத்தில் அது புகை கக்கியது. பாண்டிக்கு ஆள் போயிற்று.

போனவர் நேரே வண்டியைத் தொட்டிருக்கலாம். குற்றாலத்தில் அது நடக்காது.

“மொதல்ல குளிச்சிட்டு வாரும் பாண்டி. அருவிக்குப் போகாம வேலை பாத்தீருன்னா ஊரு என்னையில்லா ஏசும்” என்றார் வக்கீல்.

எண்ணெய் தேய்க்கிற மாடக்கண்ணு, விருந்தாளி என்பதால் முதுகில் ஒரு தாளம் கூடுதலாகப் போட்டு, இரண்டு காதிலும் எண்ணெயை நிறைத்தான். “காதுக்கு விடாட்டா தேச்சதுக்கு அர்த்தமே இல்ல அண்ணாச்சி.” அதன்மேல் பேரருவி அரை மணி நேரம் விழுந்தது. வெளியே வந்தபோது உலகம் போர்வைக்குள் போய்ப் பேசியது. பாண்டி ஒற்றைக் காலில் குதித்தார். தலையைச் சாய்த்து மறுகாலில் குதித்தார். காது திறக்கவில்லை.

வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டு வக்கீலும் மைத்துனர் குத்தாலிங்கமும் இன்னும் மூன்று பேரும் தயாராக இருந்தார்கள். ‘காது அடைச்சிருக்கு, சாயந்தரம் பாப்போம்’ என்றால் தீர்ந்தது. காதாலேயே பேர் வாங்கியவன் அதை எப்படிச் சொல்வான்? பாண்டி ஸ்குரூ டிரைவரை ஊன்றி வழக்கம்போலக் கண்ணை மூடினார்.

இஞ்சின் எங்கோ இலஞ்சிப் பக்கம் ஓடுவதுபோல் கேட்டது. திருகை உள்ளே முறுக்கினார். சத்தம் இன்னும் மெத்தென்று ஆயிற்று. இன்னொரு அரைச் சுற்று.

“வீணை மாதிரி இருக்குய்யா” என்றார்.

“அத்தான், வீணை தும்முதே” என்றார் குத்தாலிங்கம்.

பாண்டிக்கு அது கேட்கவில்லை. பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

மறுநாள் காலை வக்கீல் கறுப்புக் கோட்டோடு கோர்ட்டுக்குப் புறப்பட்டார். மேலகரம் தாண்டவில்லை, இஞ்சின் கொதித்து நின்றது. முழங்கால் உயர வண்டியைக் குனிந்து தள்ளிக்கொண்டே தென்காசி வந்து சேர்ந்தார். அதற்குள் அவர் கட்சிக்காரரின் வழக்கு, கூப்பிட்ட குரலுக்கு ஆளில்லை என்று தள்ளுபடியாகியிருந்தது. கோர்ட்டிலிருந்து கொட்டகை வரை வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம் கூடவே வந்தது.

“என்னவே, வீணைன்னீரே?” என்றார் வக்கீல்.

கூட்டம் சிரித்தது. பாண்டியின் காது விடியற்காலையில் ‘பொட்’டென்று திறந்திருந்தது. வண்டியை உருட்டிக் கிளப்பினார். ஒரு தும்மலிலேயே விஷயம் புரிந்துவிட்டது. இஞ்சினுக்குள் பொறி தட்டுகிற பிளக்கைக் கழற்றினார்; திருநீறு பூசினதுபோல் வெள்ளை. பெட்ரோல் பட்டினியில் வெந்த பிளக் அப்படித்தான் இருக்கும். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் கரி பிடித்திருக்கும். இது அங்கே ஒருவருக்கும் தெரியாது, அவரைத் தவிர. பிளக்கைத் துணியில் சுருட்டிக் கால்சட்டைப் பையில் போட்டார்.

“என் வேலையில கொறை இல்லய்யா. பெட்ரோல்ல மண்ணெண்ணெய் கலந்திருக்கு.”

தொடையைப் பிளக் சுட்டது. நின்ற இடத்தில் நின்றார்.

எட்டாம் நாள் சேக் தாவூது ராவுத்தர் கொட்டகைக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று பாண்டி நினைத்தார். சண்டைக்கு வந்திருந்தால் பாண்டி பிழைத்திருப்பார். ராவுத்தர் கையில் ஒரு பாட்டில் பெட்ரோல் இருந்தது, ரேஷன் கூப்பனுக்கே கிடைக்காத காலத்தில்.

“வே பாண்டி, நீரு சொன்னதாச் சொல்லுதாக. நீரு பொய் சொல்லுத ஆளில்ல. அப்பம் எனக்குத் தெரியாம எவனோ கலக்குதான். பம்பு அடிக்கிற முப்பிடாதி மேலதான் சந்தேகம். நாளைக்கு அவன வேலைய விட்டு நிப்பாட்டலாம்னு இருக்கேன். அதுக்கு முன்ன நீரு ஒருக்காப் பாத்துச் சொல்லும்.”

பாண்டி வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டார். ஆவியாய்ப் பறந்தது, கறை இல்லை.

“சுத்தம் அண்ணாச்சி. முப்பிடாதிய ஒண்ணும் செய்யாதீக.”

“அப்பம் வக்கீல் வண்டி ஏன் நின்னுச்சு?”

‘என் காது’ என்று இரண்டே வார்த்தை. பாட்டிலை மூடினார்.

“அது… காத்து கூடிட்டு” என்றார். கூட்டினது யார் என்று சொல்லவில்லை. ராவுத்தரும் கேட்கவில்லை. கண் கலங்க, “இத ஊருக்குச் சொல்லும், போதும்” என்று பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டுப் போனார்.

பாண்டி சொன்னார். டீக்கடையில் சொன்னார், பஸ் டிரைவர்களிடம் சொன்னார், வக்கீலிடமே போய்ச் சொன்னார்: பெட்ரோல் சுத்தம். ஊர் கேட்டுக்கொண்டது.

“பாத்தீரா, பாண்டி ஒரு சொல்லு சொன்னதும் ராவுத்தர் திருந்திட்டாரு.”

ஒதுங்கிப் போயிருந்த பஸ்கள் டிப்போவுக்குத் திரும்பின. பாண்டியின் காதுக்கு முன்னைவிடப் பேர். ராவுத்தர்தான், ஒருநாளும் செய்யாத தப்பிலிருந்து திருந்தியவராக ஊருக்குள் நடமாடினார்.

அந்தப் பெட்ரோலில் பாண்டி கார்புரேட்டர் கழுவிவிட்டார். காலிப் பாட்டில் கொட்டகைப் பலகையில் நிற்கிறது. சோறு கொண்டுவருகிற மனைவி வடிவம்மாள் கேட்டுப் பார்த்தாள்.

“ஒரு பாட்டிலு பெட்ரோல ரொப்பித் திருப்பிக் குடுக்கதுக்கு என்ன இம்புட்டு யோசனை? நான் கொண்டு குடுக்கட்டா?”

“நீ குடுத்தா ஆகாது ஏட்டி. பாட்டிலோட ரெண்டு வார்த்தையும் சேத்துக் குடுக்கணும்.”

இரண்டு தடவை ரொப்பி எடுத்துக்கொண்டு போனார். இரண்டு தடவையும் டிப்போ வாசலில் ஆள் இருந்தது. பின் தெரு வழியாகத் திரும்பிவிட்டார். மூன்றாம் தடவை யாருமே இல்லை, ராவுத்தர் மட்டும் இருந்தார். அன்றும் பின் தெரு வழிதான்.

வழியில் பார்த்தால் ராவுத்தர் சிரிக்கிறார்.

“பாட்டிலுக்கு என்னவே அவசரம்? கெடக்கட்டும்.”

கிடக்கிறது.