லேத்துக்குப் போன வண்டி

நான் பைக்கிலிருந்து விழுந்ததற்குக் காரணம் ஒரு பறவை. இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. நம்புகிறவர்களுக்கோ ஏமாற்றமாக இருக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிப் போகும் சாலையில், ஆபீஸுக்குப் போகும் நேரத்தில், நீல உடம்பும் சிவப்பு மூக்குமாகக் கோழி அளவில் ஒன்று புல்லுக்குள்ளிருந்து வெளியே வந்தது. இறக்கை இருந்தும் பறக்கவில்லை. நடந்தே சாலையைக் கடந்தது, அதுவும் காய்கறி வாங்கப் போகிறவர் மாதிரி நிதானமாக. நான் பிரேக்கை அழுத்தினேன். மழை விட்டு ஈரம் காயாத சாலை. பறவை எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தது. நானும் வண்டியும் மீடியனில் போய்ச் சேர்ந்தோம்.

எனக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. முழங்கையில் தோல் உரிந்து, மணிக்கட்டு வீங்கியிருந்தது. ஹெல்மெட்டில் நீளமாக ஒரு கீறல். என் மனைவி அந்தக் கீறலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஹெல்மெட்டை எடுத்து அலமாரிக்கு மேலே வைத்தாள். வண்டிக்குத்தான் பலத்த அடி. ஹெட்லைட் நொறுங்கி, டேங்கில் பள்ளம் விழுந்து, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் வளைந்து போயிருந்தது. ஹேண்டில்பார் ஒரு பக்கமாகத் திரும்பி, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் எட்டிப் பார்ப்பது போல நின்றது.

முதலில் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத்தான் கொண்டு போனேன். ஏசி அறை, காபி மெஷின், வாக்கியத்துக்கு வாக்கியம் சார் போடும் இளைஞர் ஒருவர். இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்க்க வேண்டும் என்றார். சர்வேயர் நான் இல்லாத நேரம் பார்த்து வந்து, போனில் என்னிடம் மோதிய வண்டி எது என்று கேட்டார். வண்டி இல்லை, பறவை என்றேன். மறுமுனையில் பேப்பர் புரட்டும் சத்தம் கேட்டது.

“சார், நாயா இருக்க வாய்ப்பிருக்கா?”

இல்லை என்றேன். அவருக்கு வருத்தம்தான். நாயென்றால் எல்லோருக்கும் புரியும், மேலே இருப்பவர்களும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று விளக்கினார். நான் பறவையை விட்டுக்கொடுக்கவில்லை.

அதன் பிறகு ஃபோர்க் வர வேண்டும் என்றார்கள். எங்கிருந்து என்று யாருக்கும் தெரியவில்லை. வழியில் இருக்கிறது என்று மட்டும் ஒவ்வொரு வாரமும் சொன்னார்கள். ஒரு ஃபோர்க் இவ்வளவு காலம் வழியில் இருக்க வேண்டுமானால் அது காசி ராமேஸ்வரமெல்லாம் பார்த்துக்கொண்டு வருகிறது என்றுதான் அர்த்தம். நான் போகும்போதெல்லாம் என் வண்டி ஒரே மூலையில் நின்றது. ஒரு முறை அதன் சீட்டில் வேறு யாருடைய ஹெல்மெட்டோ இருந்தது. அடுத்த முறை, ஒரு பக்கமாகத் திரும்பியிருந்த ஹேண்டில்பாரில் ஒரு சாப்பாட்டுப் பை தொங்கியது. எனக்குச் சுருக்கென்றது.

சேலையூரில் எங்கள் அபார்ட்மென்ட்டின் கீழ் வீட்டுக்காரர்தான் பம்மலில் இருக்கும் ஒரு மெக்கானிக்கைப் பற்றிச் சொன்னார். கைராசிக்காரர், உதிரி பாகத்துக்காகக் காத்திருக்க மாட்டார், இருப்பதை நிமிர்த்திவிடுவார் என்றார். அன்றைக்கே சர்வீஸ் சென்டரிலிருந்து ஒரு ‘குட்டி யானை’ லோடு வண்டியில் பைக்கை ஏற்றி, கேம்ப் ரோடு, தாம்பரம், பல்லாவரம் வழியாகப் பம்மலுக்குக் கொண்டு போனேன். வழியெல்லாம் ஸ்கூட்டரில் வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னையும் பார்த்தார்கள்.

வரிசையாக இருந்த கடைகளில் கடைசி, மெக்கானிக்குடையது. ஒல்லியான மனிதர், நாற்பது வயதிருக்கும். தோளுக்கும் காதுக்கும் நடுவே எப்போதும் ஒரு போன். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார், எப்படி விழுந்தது என்று கேட்டார். சொன்னேன்.

“கோழியா சார்?”

கோழி இல்லை, கோழி மாதிரி ஒரு பறவை என்றேன். தலையாட்டிக்கொண்டே என் நம்பரைப் போனில் போட்டுக்கொண்டார். புதன்கிழமை வாங்க சார், ரெடியாயிடும் என்றார். எந்தப் புதன்கிழமை என்று அவர் சொல்லவில்லை. கேட்க எனக்கும் தோன்றவில்லை.

புதன்கிழமை போனேன். ஃபோர்க் நிமிர்த்துவதற்காக லேத் பட்டறைக்குப் போயிருக்கிறது என்றார். அடுத்த வாரமும் ஃபோர்க் லேத்தில்தான் இருந்தது. அந்த லேத் பட்டறை அடுத்த தெருவில்தான் என்பதால் ஒரு நாள் நானே நடந்து போய்ப் பார்த்தேன். ஷட்டர் இறக்கிப் பூட்டியிருந்தது. பக்கத்து டீக்கடையில் கேட்டேன். லேத்காரர் சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போனவர், அங்கே மாமியார் வீட்டோடு ஏதோ பேச்சு வளர்ந்து, அதை முடித்துக்கொண்டுதான் வருவார் என்றார்கள். அவர் முடித்துக்கொண்டு வந்தபோது அந்தத் தெருவுக்கு மட்டும் கரண்ட் இல்லை. கரண்ட் வந்தபோது டேங்க் லேத்துக்குப் போயிருந்தது. பிறகு ஹெட்லைட்.

ஹெட்லைட்டை எதற்கு லேத்துக்கு அனுப்பினீர்கள் என்று கேட்டேன். மெக்கானிக் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

“அது ஒரு பேச்சுக்குச் சொல்றது சார்.”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதையெல்லாம் ஆவேசமாகச் சொல்வேன். சேலையூரிலேயே ஒரு பள்ளியில் அவள் கணக்கு டீச்சர். தினமும் காலையில் தன் ஸ்கூட்டரில் என்னைக் கேம்ப் ரோடு பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டுப் போவாள். இந்த ஊரில் மெக்கானிக்குகளே இப்படித்தான் என்று அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து நான் பேசிக்கொண்டே வருவேன். நீங்கள் கொஞ்சம் கறாராகப் பேசுங்கள் என்பாள். இன்றைக்குப் பேசிவிடுகிறேன் என்பேன்.

நான் கறாராகப் பேசவில்லை. அவர் அடுத்த வாரம் என்று சொல்லும்போதெல்லாம் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்வேன், ஆனால் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று கால் நீட்டி உட்காரும். பஸ் பள்ளிக்கரணையைத் தாண்டும்போது, நான் விழுந்த இடம் வந்ததும், என் வலது கால் தானாகவே தரையை அழுத்தும். பிரேக் அங்கே இல்லை என்பது காலுக்குத் தெரியவில்லை. ஒரு நாள் அது முன்சீட்டைப் பலமாக உதைத்துவிட, அதில் உட்கார்ந்திருந்த அம்மாள் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். மன்னிப்புக் கேட்டேன். மறுநாளிலிருந்து பின்னால் போய் உட்கார்ந்தேன். இதை வீட்டில் சொல்லவில்லை. மெக்கானிக்கைத் திட்டுவது சுலபமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, உறவுக்காரர் கல்யாணத்துக்குத் துணி எடுக்க இருவரும் பல்லாவரம் பக்கம் போயிருந்தோம். மனைவி ஓட்ட, நான் பின்னால் பைகளோடு. பம்மல் ரோடு பிரிகிற இடத்தில் சிக்னலுக்காக நின்றபோது அவள் சொன்னாள்:

“என்னங்க, அது உங்க வண்டி இல்ல?”

அது என் வண்டிதான். டேங்குக்கு இன்னும் பெயின்ட் அடிக்காமல் சாம்பல் நிறமாக இருந்தது. மற்றபடி ஃபோர்க் நேராக நின்றது, ஹெட்லைட் இருந்த இடத்தில் ஹெட்லைட் இருந்தது. ஓட்டிக்கொண்டு போனவர் மெக்கானிக். டேங்கின் மேல் ஒரு அரிசி மூட்டை. பின்சீட்டில், ஒரு பக்கமாகக் கால் போட்டு, மடியில் கூடையோடு, நல்ல பருமனாக ஒரு அம்மாள். மூட்டையோடு சேர்த்து மூவரும் சுகமாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

பச்சை விழுந்ததும் மனைவி ஸ்கூட்டரைத் திருப்பினாள். அவ்வளவு வேகமாக அவள் ஓட்டி நான் பார்த்ததில்லை. நான் பைகளையும் கண்களையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மெக்கானிக் தன் கடை வாசலில் நிறுத்தவும் நாங்கள் பின்னால் போய் நிற்கவும் சரியாக இருந்தது.

அவர் கொஞ்சமும் பதறவில்லை. டிரையல் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார். லோடு ஏற்றிப் பார்த்தால்தான் ஃபோர்க் தாங்குமா என்று தெரியும் என்றார்.

பின்னால் இறங்கிக்கொண்டிருந்த அம்மாள் கூடையைக் கீழே வைத்தார்.

“இன்னா லோடு? என்னையா சொல்ற?”

அவர் மெக்கானிக்கின் மாமியார். அந்தக் கடை வரிசையும் அவருடையதுதான். முன்பு அந்த இடத்தில் அவர்கள் குடும்பம் நெல் பயிரிட்டிருந்ததாம். மருமகனின் சொந்த வண்டி கடைக்குள் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டபடி கிடந்ததை அவரே கையால் காட்டினார். அடுத்தவர் வண்டிக்கே நேரமில்லாதபோது அதை எப்போது மாட்டுவது என்பது மருமகனின் கட்சி. பிறகு அந்த அம்மாள் என்னைப் பார்த்து, கோழி சார் நீங்கதானா என்று கேட்டார். போனில் என் பெயர் அப்படித்தான் பதிவாகியிருந்தது. மனைவி சட்டென்று எதிர்க்கடை போர்டைப் படிக்க ஆரம்பித்தாள்.

என் வண்டியைப் பற்றி அந்த அம்மாளுக்குப் பல புகார்கள் இருந்தன. பின்பிரேக் கீச்சென்று கத்துகிறது, சீட் கட்டையாக இருக்கிறது, கால் வைக்கும் கம்பி ஆடுகிறது. ரேஷன் கடைக்குப் போனபோது, அனகாபுத்தூர்க் கல்யாணத்துக்குப் போனபோது, ஆடி வெள்ளிக்குக் கோயிலுக்குப் போனபோது என்று இடம் பொருளோடு சொன்னார். என்னிடம் இருந்த வரை ஆபீஸையும் வீட்டையும் தவிர வேறெதையும் பார்க்காத வண்டி. எனக்கு அதன் மேல் லேசாகப் பொறாமையே வந்தது.

“ஓடற வண்டிய வெச்சிகினு சாரை அலையவுட்டியா?” என்று மருமகனைக் கேட்டார். அவர் தரையைப் பார்த்தார். “இத்த முடிக்காம வேற வண்டில கை வெக்காத.”

மறுநாளிலிருந்து காலையில் கடை திறந்ததும் அந்த அம்மாள் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாராம். வேறு வண்டி வந்தால் அவரே திருப்பி அனுப்பினாராம். இதெல்லாம் மெக்கானிக் சொல்லித் தெரியும். இத்தனை காலமும் என் போனை எடுக்காதவர், ஒரு மாலை அவராகவே கூப்பிட்டார்.

“சார், அவசரம் ஒண்ணும் இல்லனு அத்தைகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க சார்.”

எனக்கும் அதுதான் மனதில் இருந்தது. ஆனால் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள், சிவப்புப் பேனா நின்றுவிட்டது. அவர்களிடம் நான் எப்படிங்க பேசுவது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை வண்டி ரெடியானது. ஷேர் ஆட்டோவில் தனியாகப் போய் இறங்கினேன். டேங்குக்குப் பெயின்ட் அடித்திருந்தார், மற்ற கறுப்பைவிட ஒரு சாயல் கூடுதலான கறுப்பு. மெக்கானிக் சாவியைக் கையில் கொடுத்தார். நான் உடனே ஏறவில்லை. டயரை அழுத்திப் பார்த்தேன். செயினைப் பற்றி ஏதோ கேட்டேன். நல்ல வெயிலில் ஹெட்லைட்டைப் போட்டு அணைத்தேன். கைக்குட்டையை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைத்தேன். அந்த அம்மாள் நாற்காலியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வுழுந்ததுக்கு அப்பால ஓட்டவே இல்லியா?”

இல்லை என்றேன்.

அவர் எழுந்து முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். வூட்டாண்ட வுட்டுட்டுப் போங்க என்றார். நான் கொண்டு விடுகிறேன் என்று மருமகன் முன்னால் வந்தார். அந்த அம்மாள் திரும்பிப் பார்த்ததும் பின்னால் போனார்.

அவர் ஏறி உட்கார்ந்ததும் வண்டி ஒரு தடவை தாழ்ந்து நிமிர்ந்தது. என் தோளில் அவர் கை பலமாகப் பதிந்தது. கிளட்ச்சை விட்டேன், வண்டி ஆஃப் ஆகிவிட்டது. மெக்கானிக் நாகரிகமாகச் சுவரைப் பார்த்தார். இரண்டாம் முறை நகர்ந்தது. நான் முதல் கியரிலேயே போனேன். கேஸ் சிலிண்டர் கட்டிய சைக்கிள் ஒன்று எங்களை முந்திப் போனது. பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் வந்தது.

“நடந்து போயிருந்தா இந்நேரம் சோறு துன்னு கை கழுவியிருப்பேன் சார்” என்றார் அந்த அம்மாள். குரலில் கோபம் இல்லை.

தெரு திரும்புகிற இடத்தில் ஒரு நாய், இந்த முறை நிஜமாகவே நாய்தான், சட்டென்று குறுக்கே ஓடியது. இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். வண்டி நின்றது. வழுக்கவில்லை, கத்தவும் இல்லை. நாய் போய்விட்டது. நான் இரண்டு காலையும் ஊன்றி அப்படியே நின்றேன். நெஞ்சு அடித்துக்கொள்வது அவர் கைக்குத் தெரிந்திருக்கும்.

“நின்னிச்சா?” என்றார்.

“நின்னுடுச்சு.”

“அப்போ போங்க.”

போனேன். இரண்டாவது கியர் எப்போது போட்டேன் என்று தெரியவில்லை. அவர் வீட்டு வாசலில் இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு, மருமகனே பரவாயில்லை, அவன் கொஞ்சம் வேகமாவது போவான் என்றார். இனிமேல் ரேஷன் கடைக்கு என்ன செய்வீர்கள் என்று நான் சும்மா கேட்டேன். மருமகனின் வண்டி இன்னும் பிரித்தபடிதான் கிடந்தது.

“ஊதா ஸ்கூட்டர் ஒண்ணு வந்துகீது சார். சீட்டு மெத்துனு கீது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

யாருடைய ஸ்கூட்டர் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வண்டியைத் திருப்பி, பல்லாவரம் வந்து ஜிஎஸ்டி ரோட்டில் ஏறினேன். இடது ஓரமாகவே வந்தேன், பஸ்களுக்கெல்லாம் வழி விட்டேன். குரோம்பேட்டை தாண்டும்போது மூன்றாவது கியருக்குப் போனேன்.