சாக விடுகிற குளிசை

மனைவிக்கு இரத்தப் புற்றுநோய். கொழும்பு டாக்டர் ஒரு குளிசை எழுதினார். அது இரத்தத்திலுள்ள கெட்ட உயிர்க்கலங்களைச் சாக வைக்கும் என்றார். அந்தச் சொல் அவளுக்குள் ஏறிவிட்டது.

"மௌத்தாக்கிற மருந்த நானே வாயில போடவா?" என்றாள்.

"குடி புள்ள," என்றேன். வேறு சொல்லத் தெரியவில்லை. ஆறாம் வகுப்போடு கடலுக்குப் போனவன் நான்.

பிறகு அவளுடைய மாமி மகன் வந்தான். ஒலுவில் கம்பசில் உயிரியல் படிப்பிக்கிறவன். முதலில் அவளுக்குப் பேசி வைத்திருந்தது அவனைத்தான். அவன் வெளிநாட்டுக்குப் படிக்கப் போனான், பேச்சு விட்டுப்போனது, நான் வந்தேன். எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு உரியது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த வீட்டில் நான் வந்தவன். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே போய், அவள் கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டான். நான் வாசற்படியில் நின்றேன்.

"மச்சி, எல்லாக் கலத்துக்கும் மௌத்து இருக்கு," என்றான். "பழுதானா அது தானாச் சாகணும். அதப் பாக்கிறதுக்கு உள்ளுக்கு ஒரு காவல்காரப் புரதம் இருக்கு. அது 'போதும்' எண்டு சொன்னா, இன்னொரு புரதம் வேலைய முடிக்கும். உன்ட காவல்காரன் நல்லாத்தான் இருக்கான், பரிசோதிச்சுப் பாத்திருக்காங்க. ஆனா வேலைய முடிக்கிறவன மூணாவது ஒருத்தன் கட்டிப் புடிச்சிட்டு நிக்கிறான்."

"விடச் சொல்லு மச்சான்."

"அதத்தான் குளிசை செய்யுது. புடிக்கிறவன்ட கையில இது போய் ஏறிக்கும். மத்தவன் கழண்டு வந்துருவான். குளிசை கொல்லல்ல மச்சி. சாக விடுது."

அவள் சிரித்தாள். நோய் வந்த பிறகு அதுவரை சிரித்ததே இல்லை.

"இப்பதான் விளங்குது. இவரு குடி குடி எண்டுதான் சொல்றாரு. என்னத்துக்கு எண்டு சொல்றாரில்ல."

"காக்கா மீனோட மட்டுந்தான் கதைப்பாரு," என்றான். அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவான்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் தேத்தண்ணி ஊற்றப் போனேன். அவனுடைய கோப்பைக்குச் சீனி போடவில்லை. கடைசிச் சொட்டு வரை குடித்தான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் குளிசை குடிக்கச் சம்மதித்துவிட்டாள். நான் கேட்டதும் அதுதான். ஆனால் அவன் சொல்லித்தான் சம்மதித்தாள். அது நெஞ்சுக்குள் முள்ளாக நின்றது.

முதல் குளிசையை வார்ட்டில் வைத்துத்தான் கொடுத்தார்கள். ஒரேயடியாக நிறையக் கலங்கள் செத்தால் சிறுநீரகம் தாங்காதாம். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், இரத்தம் பார்க்க வேண்டும் என்றார்கள். நேர்ஸ் உள்ளங்கையில் குளிசையை வைத்ததும் அவள் விரல்களை மூடிக்கொண்டாள். மச்சானுக்கு அழைத்தாள். அவன் எடுக்கவில்லை.

"நீங்க சொல்லுங்க," என்றாள்.

"என்னத்த?"

"அவரு சொன்னத."

எனக்கு எல்லாம் மனப்பாடம். வாசற்படியில் நின்று ஒரு சொல் விடாமல் கேட்டவன். சொல்ல மனமில்லை. அவள் கையைப் பார்த்தேன், சொன்னேன்.

"காவல்காரன ஒருத்தன் கட்டிப் புடிச்சிருக்கான்..."

"காவல்காரன இல்ல. வேலைய முடிக்கிறவன."

"ஓம், அவனத்தான். குளிசை போய் அவன அவுத்து விடும்."

"அப்ப கொல்லல்லயே?"

"இல்ல. சாக விடுது."

அவள் விழுங்கினாள்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. நான் எடுத்தேன்.

"காக்கா, வகுப்பில இருந்தன். மச்சி குடிச்சிட்டாளா?"

"குடிச்சிட்டா. தூங்குறா."

வைத்துவிட்டேன். அவள் தண்ணீர்க் கோப்பையோடு என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் தூங்குறனா?"

"ஓம்," என்றேன். "தண்ணியக் குடி."